பிள்ளைக்கு இடம் பிடிக்க வந்தவர்கள்

எங்கள் பள்ளியில் 'எதிர்கால வாய்ப்புகள் மையம்' என்று ஒன்று இருக்கிறது. பித்தளையில் பெயர்ப்பலகை. கதவைத் திறந்தால் உள்ளே நான் இருப்பேன். என்னோடு காற்றுப்போன கூடைப்பந்துகளும் வளைந்துபோன உயரத்தாண்டல் கம்பமும் இருக்கும். முன்பு விளையாட்டுச் சாமான்கள் போட்டுவைத்த அறை அது. அவற்றை அப்புறப்படுத்த ஆள் இல்லாததால் அவையும் மையத்தின் ஊழியர்களாகவே தொடர்கின்றன. விடுப்பு கேட்காத ஊழியர்கள் என்பதால் முதல்வருக்கு என்னைவிட அவற்றின் மேல் பிரியம் அதிகம்.

மையத்தில் நான் செய்யும் வேலைகளைக் கேளுங்கள். காலையில் வாசலில் நின்று பேருந்தைவிட்டு இறங்கும் பிள்ளைகளை எண்ணுவது. பிறகு நூலகம். எந்த ஆசிரியருக்குக் காய்ச்சல் வந்தாலும் அவருடைய வகுப்பு. தேர்வு நடந்தால் கண்காணிப்பு. இத்தனையும் போக மிச்சமிருக்கும் நேரத்தில் கடைசி வருஷப் பிள்ளைகள் இருநூற்றுச் சொச்சம் பேரின் எதிர்காலத்துக்கு நான் வழிகாட்டிவிட வேண்டும். வகுத்துப் பார்த்தால் ஒரு பிள்ளைக்கு ஒரு தும்மல் போடும் நேரம் கிடைக்கும்.

அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். மதியம் பிள்ளைகள் தட்டோடு சாப்பாட்டு வரிசையில் நிற்பார்கள் இல்லையா, நானும் அவர்கள் பக்கத்திலேயே நடந்துகொண்டு ஆலோசனை சொல்வேன். "உனக்குக் கணக்கு வருமா? வராதா? ரத்தத்தைப் பார்த்தா மயக்கம் வருமா? வராதா? அப்ப நர்ஸிங் யோசி. நகரு, அடுத்த ஆள்." பரிமாறுகிற அம்மா ஒரு கரண்டி போடுவதற்குள் ஒரு வாழ்க்கையை முடித்துக்கொடுத்துவிடுவேன். இரண்டாம் முறை சோறு வாங்க வருகிறவனுக்கு இரண்டாவது விருப்பத்தையும் சொல்லிவிடலாம்.

முதல்வரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் நல்ல மனிதர், இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். எந்தக் காரியத்தையும் புகைப்படத்திலிருந்து பின்னோக்கி யோசிப்பது அவர் வழக்கம். மரம் நடும் விழா என்றால் குழி வெட்டுவதற்கு முன்பே பூவாளியோடு நிற்பார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெரியவர்களுக்குச் சாயங்கால வகுப்பு என்று ஒன்று ஆரம்பித்தார். அது ஒரு வாரம் உயிரோடு இருந்தது. ஆனால் 'எல்லா வயதினருக்கும் எங்கள் பள்ளி' என்ற பேனர் மட்டும் இன்னும் வாசலில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதைக் கழற்றவும் ஆள் இல்லை.

அந்த வருஷம் அவருக்கு ஒரு புகைப்படம் தேவைப்பட்டது. "பாருங்கம்மா, மையம் தொடங்கி இத்தனை நாள் ஆச்சு. இந்தப் பள்ளியிலேருந்து நேரா வேலைக்குப் போன ஒரே ஒரு ஆள். ஒருத்தர் போதும். நடுவுல நிக்க வச்சு எடுத்துடலாம்" என்றார்.

எனக்கும் ஒருத்தர் தேவைப்பட்டார். ஆனால் எனக்கு அது யாரென்று தெரியும்.

அந்தப் பெண்ணை எல்லாரும் 'ஏணி' என்றுதான் கூப்பிடுவார்கள். உயரமெல்லாம் இல்லை, சராசரிதான். ஆனால் பள்ளியில் எங்கே ஏணி சாத்தியிருந்தாலும் அதன் உச்சிப்படியில் அவள் இருப்பாள். மின்விசிறி சத்தம் போட்டாலும், ஒலிபெருக்கி விக்கினாலும், மேலே ஏறி மூடியைக் கழற்றி எட்டிப் பார்க்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் லிஃப்ட் மாதம் ஒருமுறை மக்கர் பண்ணும். பழுதுபார்க்க வருகிறவருக்கு டார்ச் பிடித்துப் பிடித்தே அவளுக்கு அந்த ஆசை வந்துவிட்டது. லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. வேறெதுவும் வேண்டாம். சாப்பாட்டு வரிசையில் நான் கேள்வியே கேட்காத ஒரே பிள்ளை அவள்தான். தட்டை நீட்டிக்கொண்டே, "மிஸ், லிஃப்ட் கம்பெனிக்கு ஃபோன் பண்ணீங்களா?" என்று அவள்தான் என்னைக் கேட்பாள்.

பண்ணினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தக் கம்பெனிக்காரர்கள் என் குரலைக் கேட்டாலே ஃபோனை வைத்துவிடும் அளவுக்குப் பண்ணினேன். கடைசியில் ஒரு மேற்பார்வையாளர் அம்மா மனம் இரங்கினார். பயிற்சிக்கு ஓர் ஆள் எடுப்பார்களாம். உண்டு உறைவிடம், உதவித்தொகை, முடிந்ததும் வேலை. வெள்ளிக்கிழமை காலையில் வந்து பிள்ளைகளைப் பார்ப்பார், மதியத்துக்குள் அடுத்த கட்டடத்துக்குப் போய்விட வேண்டும்.

செய்தியைக் கேட்டு ஏணியின் அப்பா என் அறைக்கு வந்தார். பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் பகுதியைக் கவனித்தவர். கம்பெனியை மூடிவிட்டார்கள். நன்றாக மடிப்புக் கலையாத சட்டை போட்டுக்கொண்டு, உட்காராமலே பேசினார்.

"இருட்டுக் குழிக்குள்ள கம்பியைப் பிடிச்சுத் தொங்குற வேலை மேடம் அது. பொம்பளப் பிள்ளைக்குத் தேவையா? ஏதாச்சும் ஆபீஸ்ல உக்காந்து பாக்குற வேலையா சொல்லுங்க."

"அவளுக்குப் பிடிச்சிருக்குங்க."

"எனக்கும்தான் பிஸ்கட் பிடிச்சிருந்துச்சு. மூடிட்டாங்கல்ல?"

பின்னால் நின்ற மகள் சும்மா இருக்கவில்லை. "மாடி இருக்கிற வரைக்கும் லிஃப்ட் இருக்கும்ப்பா. சாப்பிட உக்காந்தா தினம் இதைத்தான் சொல்றேன், நீங்க காதுலயே வாங்க மாட்டேங்கறீங்க."

"வாங்காம என்ன? காதை எங்க கழட்டி வைக்கிறது? சாப்பாட்டுத் தட்டுல முழுக்க லிஃப்ட்தான் இருக்கு" என்றார் அவர். ஆனாலும் வெள்ளிக்கிழமை அவளை விடுவதாக அரைமனதோடு ஒத்துக்கொண்டார். எனக்கு அதுவே பெரிய வெற்றியாக இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம்தான் தெரிந்தது, மறுநாள் காலை கடைசி வருஷத்துக்குக் கணக்குத் தேர்வு என்று. என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. முதல்வரிடம் ஓடினேன். தேதியை மாற்ற முடியாது என்றார். சுற்றறிக்கை போய்விட்டதாம். அந்த அம்மாவைச் சாயங்காலம் வரச் சொல்லுங்களேன் என்றார். அவர் நமக்காக வானத்தில் மிதந்துகொண்டு காத்திருப்பவரா என்று கேட்க நினைத்து, வேறு மாதிரி கேட்டேன். தேர்வுக் கண்காணிப்பிலிருந்தாவது என்னை விடுவியுங்கள் என்றேன்.

"வேற யாரும்மா இருக்காங்க?" என்றார், தன் அறையின் ஒவ்வொரு மூலையையும் உண்மையாகவே பார்த்துவிட்டு.

அப்போதுதான் எனக்கு அந்த அற்புதமான யோசனை உதித்தது. லிஃப்ட் பயிற்சிக்கு வந்திருந்த விண்ணப்பங்கள் ஏழு. ஒவ்வொரு பிள்ளையின் பெற்றோரிலும் ஒருவர் வந்து என் அறைக்கு வெளியே வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்து இடம் பிடிக்கட்டும். எழுதி முடித்த பிள்ளை ஓடிவந்ததும் பெற்றோர் எழுந்துகொள்ள, பிள்ளை உட்கார்ந்துகொள்ளும். எங்கள் பள்ளியில் இது புதிதல்ல. சேர்க்கைக்கு, சீருடைக்கு, பேருந்து இருக்கைக்கு என்று எல்லாவற்றுக்கும் பிள்ளைகளுக்காக வரிசையில் உட்கார்ந்து பழகிய ஜனங்கள்தான் அவர்கள்.

முதல்வர் துள்ளினார். "பெற்றோர் பங்கேற்பு! அருமை! ஃபோட்டோவும் நல்லா வரும். அந்த அம்மா வந்ததும் நானே விஷயத்தைச் சொல்லிடறேன், நீங்க கவலையே படாதீங்க."

அவர் கவலைப்படாதே என்று சொன்ன பிறகும் கவலைப்படாமல் இருந்தேனே, அதற்காக என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு நாற்காலியிலும் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நாலு அப்பா, மூன்று அம்மா. எல்லாரும் நல்ல உடுப்பு. ஒருத்தர் ஷூகூடப் போட்டிருந்தார். ஏணியின் அப்பா முதல் நாற்காலியில். "நீங்க சும்மா உக்காந்தா போதும், பிள்ளை வந்ததும் எழுந்துக்குங்க" என்று அவர்களிடம் சொல்லிவிட்டுத் தேர்வு அறைக்கு அரக்கப்பரக்க ஓடினேன்.

அங்கே நான் கண்காணித்தது கடிகாரத்தை மட்டும்தான். அன்று பிள்ளைகள் பார்த்து எழுதியிருந்தால் அவர்களுக்கு என் ஆசிகள். ஏணி பேனாவை வைத்து உழுதுகொண்டிருந்தாள். பாதி நேரம் போனதும் முதல் ஆளாகத் தாளைக் கொடுத்துவிட்டு, "போகட்டா மிஸ்?" என்றாள். ஓடு என்றேன். அவள் படியிறங்கிப் போகிற சத்தம் கேட்டது. ஒரே தாவலில் இரண்டு மூன்று படிகளைத் தாண்டியிருப்பாள்.

தேர்வு முடிந்து நான் போனபோது தாழ்வாரத்தில் ஒரே வெளிச்சம். முதல்வரின் கேமரா வெளிச்சம். நடுவில் ஏணியின் அப்பா பூங்கொத்தோடு நின்றிருந்தார். அவருக்கு ஒரு பக்கம் முதல்வர், மறுபக்கம் நகத்தில் கிரீஸ் போகாத கையோடு அந்த மேற்பார்வையாளர் அம்மா. மற்ற ஆறு பெற்றோரும் ஓரமாக நின்றார்கள். தேர்வு முடித்து வந்த பிள்ளைகள் அவர்களுக்குப் பின்னால். தூண் பக்கத்தில் ஏணி நின்றாள். முகம் சிவந்திருந்தது, விரல் முழுக்க மை. அவள் ஓடி வருவதற்குள் பேச்செல்லாம் முடிந்துவிட்டதாம்.

"வாங்க டீச்சர்" என்றார் மேற்பார்வையாளர். "நீங்க அத்தனை தடவை ஃபோன் பண்ணது வீண் போகல. நல்ல ஆளா கொடுத்திருக்கீங்க. இவரை எடுத்துக்கறேன்."

"இவரையா? இவர் அப்பாங்க!"

"இருக்கட்டுமே. எங்ககிட்ட அப்பாக்களும் வேலை செய்யறாங்க."

"ஐயோ, இவர் மாணவர் இல்லைங்க. இவர் பொண்ணுதான் மாணவி. பொண்ணுக்கு இடம் பிடிக்க உக்காந்திருந்தார்!"

அந்த அம்மா முதல்வரைப் பார்த்தார். முதல்வர் கேமராவைப் பார்த்தார். விஷயத்தைச் சொல்கிற பொறுப்பை ஏற்றுக்கொண்டவர், வாசலில் பூங்கொத்து கொடுத்து, பள்ளியின் வரலாற்றைச் சொல்லி, தன் வரலாற்றையும் சொல்லி, கடைசியில் விஷயத்தை மட்டும் விட்டுவிட்டார்.

"வாசல்ல எல்லா வயதினருக்கும்னு போட்டிருக்கீங்க. பெரியவங்களும் படிக்கிறாங்க போலன்னு நினைச்சேன்" என்றார் மேற்பார்வையாளர். "எங்களுக்கு வயசு ஒரு பொருட்டில்ல, ஏறி இறங்கத் தெரிஞ்சா போதும். ஏழு பேரையும் கூப்பிட்டுப் பேசினேன். இவர் சொன்ன பதில்தான் சுத்தமா இருந்துச்சு. வேலைய ஆரம்பிக்கிறதுக்கு முன்ன என்ன செய்வீங்கன்னு கேட்டேன். மெயினை அணைச்சு, அதுக்குப் பூட்டு போட்டு, சாவியை என் பாக்கெட்டுல வச்சுக்குவேன், யார்கிட்டயும் குடுக்க மாட்டேன்னாரு. வேலைக்கு வந்து வருஷக்கணக்கானவங்களே இதுல தடுமாறுவாங்க."

"அது நான் சொன்னதுப்பா!" என்றாள் ஏணி. "சாப்பிடும்போது நான் சொன்னது. அப்படியே சொல்லியிருக்கீங்க!"

எனக்கும் தாங்கவில்லை. "ஏங்க, நான் பொண்ணுக்காக வந்தவன்னு ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு வாய் வரலையா?" என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. உயரட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவர் பூங்கொத்தைத் திருப்பித் திருப்பிப் பிடித்தார். எங்கே பிடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"முதல்ல புரியல மேடம். ஸ்கூல்ல சேர்க்கும்போது அப்பா அம்மாவையும் கேள்வி கேப்பாங்கல்ல, அந்த மாதிரின்னு நினைச்சேன். ரெண்டாவது கேள்வியிலயே புரிஞ்சிடுச்சு. சொல்லியிருக்கணும். கம்பெனி மூடுனதுலேருந்து என்கிட்ட யாரும் எதுவும் கேக்கல மேடம். என்ன தெரியும், என்ன செய்வீங்கன்னு யாருமே கேக்கல. இவங்க கேட்டாங்க. பதில் வந்துக்கிட்டே இருந்துச்சு."

எனக்கு அவர்மேல் அவ்வளவு கோபம் இருந்தது. பாவமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் மனிதர் எதைத்தான் செய்வது?

முதல்வருக்கு அந்தச் சங்கடமெல்லாம் இல்லை. "அப்பாவா இருந்தா என்னம்மா? பெற்றோரும் பள்ளிக் குடும்பம்தானே. ஃபோட்டோ வேற எடுத்தாச்சு" என்றார்.

மேற்பார்வையாளர் அவரைக் காதில் வாங்கவில்லை. பையைத் தோளில் மாட்டியபடி ஏணியின் பக்கம் திரும்பினார். "எனக்கு நேரமாச்சும்மா. இடம் ஒண்ணுதான். உன்னை எடுக்கட்டுமா, உங்கப்பாவை எடுக்கட்டுமா? நீயே சொல்லு."

அப்படி ஒரு கேள்வியை ஒரு பிள்ளையிடம் கேட்கலாமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாய்திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"என்னை."

யோசிக்கவே இல்லை. அப்பாவைப் பார்க்கவும் இல்லை.

"ஏன்?"

"அவர் ஒண்ணை விட்டுட்டாரு. மெயினை அணைக்கிறதுக்கு முன்னாடி, உள்ள யாராச்சும் இருக்காங்களான்னு கேக்கணும். தட்டிக் கேக்கணும். அதையும் தினம்தான் சொன்னேன், அவர் பாதியிலயே கை கழுவ எழுந்து போயிடுவாரு."

மேற்பார்வையாளர் சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். "பொண்ணு வரட்டும்" என்றார் என்னிடம். பிறகு அப்பாவிடம், "தப்பா நினைக்காதீங்க. இன்னொரு இடம் இருந்திருந்தா உங்களையும் எடுத்திருப்பேன். இல்ல" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

மையத்தில் உட்கார்ந்து எத்தனையோ பேருக்கு நேர்முகத் தேர்வுக்குப் பதில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். உங்களை ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்டால், நான் கடின உழைப்பாளி, குழுவோடு இணைந்து பணியாற்றுவேன் என்று சொல் என்பேன். எல்லாப் பிள்ளைகளும் ஒரே ராகத்தில் ஒப்பிப்பார்கள். ஏணிக்கு மட்டும் அந்தப் பயிற்சி கிடைக்கவில்லை, அவள் முறை வந்த அன்று என்னை வேறு வகுப்புக்கு அனுப்பிவிட்டார்கள். நல்ல வேளை.

அப்புறம் முதல்வர் செய்த காரியத்தைச் சொல்லாமல் விட முடியாது. நேராகப் போய் அப்பாவின் கையிலிருந்த பூங்கொத்தை வாங்கினார். இரண்டு இதழ் உதிர்ந்திருந்தது, அதைத் தட்டிவிட்டார். மகளின் கையில் கொடுத்தார். "சிரிம்மா, கொஞ்சம் இந்தப் பக்கம் பாரு" என்றார். அப்பா தானாகவே படத்துக்கு வெளியே நகர்ந்துகொண்டார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார். ஏணி சிரிக்கவில்லை. அந்தப் படம் இப்போது முதல்வர் அறைக்கு வெளியே மாட்டியிருக்கிறது. கீழே 'புன்னகைக்கும் வெற்றி' என்று எழுதியிருக்கிறார்கள்.

அன்று மதியம் அப்பாவும் மகளும் வாசலைத் தாண்டிப் போவதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். அவள் முன்னால் விறுவிறுவென்று போனாள். அவர் பின்னால் போனார். தெருமுனையில் அவள் நின்றாள். அவர் வந்து சேர்ந்ததும் மறுபடி முன்னால் நடந்தாள். அதற்கு மேல் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது, அன்றைக்குப் பேருந்து ஏறும் பிள்ளைகளையும் எண்ண வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை மதிய மணி அடித்ததும் சாப்பாட்டு வரிசைக்குக் கிளம்பினேன். கதவைத் தட்டும் சத்தம். ஏணியின் அப்பா. சவரம் செய்து, அதே சட்டையைத் துவைத்துத் தேய்த்துப் போட்டிருந்தார்.

"பொண்ணு கிளம்புறதுக்குப் பெட்டி கட்டிக்கிட்டிருக்கு மேடம். நேத்துதான் பேசுச்சு." தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீங்க பிள்ளைங்களுக்கு மட்டும்தான் பாப்பீங்களா?"

ஆமாம் என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். இருநூற்றுச் சொச்சம் பேர் தட்டோடு காத்திருக்கிறார்கள். எனக்கு இருப்பது ஒரு மதிய நேரம், அதுவும் ஓடிக்கொண்டிருக்கிறது. இதற்கெல்லாம் எனக்கு எங்கே நேரம் என்று அவரைத் தாண்டி வெளியே வந்தேன்.

தாழ்வாரத்தில் அந்த நாற்காலிகளை யாரும் எடுத்துவைத்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை உட்கார்ந்திருந்த அதே வரிசையில் மற்ற ஆறு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். முதல் நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. என்னைப் பார்த்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள், வகுப்பில் எழுவதுபோல.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த அம்மா ஏழு பேரிடமும் பேசியதாகச் சொன்னாரே. இவர்களில் ஒருவர்கூடப் பிள்ளைக்காக வந்ததாகச் சொல்லியிருக்கவில்லை.

"இன்னிக்கு யாரும் வரலைங்களே. யாருக்கு இடம் பிடிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசி நாற்காலி அம்மாதான் முதலில் வாய் திறந்தார்.

"எனக்குத்தான் மேடம்" என்றார்.